இரு துறை வல்ல ஆசிரியர்: ஹேர்மன் கிறாஸ்மன்

வடமொழி பயிலத் தொடங்கிய காலத்திலேயே கிறாஸ்மன் என்னும் பெயரை யான் அறிந்திருந்தேன். இருக்கு வேதத்தில் வரும் சொற்களை எடுத்து, அவற்றின் பொருள் இவை, அவை ஏற்கும் உருபுகள் இவை, அவை பயிலும் பாட்டுக்கள் இவை என நிரல்பட வகுத்துத் தரும் பேரகராதியொன்றின் ஆசிரியர் பெயர் அது. பல ஆண்டுகளின் பின், கணிதம் கற்பிக்கும் நண்பர் ஒருவர் காவிக் கணிதத்தின் வரலாற்றைக் கூறிக்கொண்டிருக்கையில் அதே பெயரைச் சொன்னார். ஒரு விசை ஒரு புள்ளியைப் பற்றி விளைக்கும் திருப்பத்தை இரு காவிகளின் பெருக்கமாகக் கண்டவர்களுள் கிறாஸ்மன் முன்னின்றவர் என்றார். ஒரே பெயர் தாங்கிய வேறொருவர் போலும் என்று யான் வாளா இருந்துவிட்டேன்.

இருவரும் ஒருவரே என்பதைப் பின்னர் அறிந்தபோது வியப்பினும் நாணமே மேலிட்டது. அதற்குக் காரணம் உண்டு. விஞ்ஞானப் பிரிவில் பயின்ற மாணவனொருவன் முன்பொருகால் என்னிடம் நன்னூல் பாடங்கேட்க வந்தான். உனக்கு இது வேண்டுவதன்று, உன் கணக்கைக் கவனி என்று கூறி அவனைத் திருப்பி அனுப்பினேன். அவன் மறுமுறை வரவில்லை. மொழி கற்பவன் கணிதத்தைத் தொடான், கணிதம் கற்பவன் மொழியைத் தொடான் என்னும் எண்ணத்தை மாணவர் உள்ளத்தில் ஊன்றியவர்களுள் யானும் ஒருவன். ஆதலின் கிறாஸ்மனின் வரலாற்றை இங்கு எழுதுவது எனக்கு ஒருவகைக் கழுவாயுமாகும்.

பிறப்பும் கல்வியும்

ஹேர்மன் கிறாஸ்மன் 1809ஆம் ஆண்டு சித்திரை மாதம் 15ஆந் திகதி, அக்காலத்திற் பிரஷ்ய நாட்டின் பகுதியாயிருந்த ஸ்ரெற்றின் நகரிற் பிறந்தார். அந்நகரம் 1945ஆம் ஆண்டின் பின் போலாந்து நாட்டுக்கு உரியதாயிற்று. தந்தையார் யுஸ்ரஸ் கிறாஸ்மன் சமய குருத்துவம் பெற்றவர். ஆயினும் அந்நகரத்து உயர்தரப் பாடசாலையிற் கணிதமும் பௌதிகமும் கற்பித்து வாழ்ந்தவர். பன்னிரு பிள்ளைகளுள் ஹேர்மன் மூன்றாமவர்.

விளையும் பயிரின் முளையைப் பார்த்துத் தந்தை மகிழ்ந்தார் என்று எழுதுவதற்கு இங்கு இடமில்லை. சிறுவன் மறதி மிக்கவனாகவும் கனவு காண்பவனாகவும் இருந்தான். தோட்டக்காரனாகவோ கைத்தொழிலாளனாகவோ ஆனாலும் மனம் வருந்தமாட்டேன் எனத் தந்தையே அவனுக்கு ஆறுதல் கூறும் நிலை இருந்தது. பையப் பையவே அவனுடைய அறிவு மலர்ந்தது.

1827ஆம் ஆண்டு அவர் பேர்லின் பல்கலைக்கழகம் சென்றார். அங்கே பயின்றவை இறையியலும், கிரேக்கம் இலத்தீன் முதலிய பழைய மொழிகளுமேயாம். ஷிலையர்மாக்கர் என்னும் பேரறிஞரின் விரிவுரைகள் அவர் சிந்தனையை உருவாக்கின. கணித விரிவுரை எதையும் அவர் கேட்டதாகத் தெரியவில்லை. 1830இல் ஸ்ரெற்றினுக்கு மீண்ட பின்னரே, தந்தையாரின் நூல்களைத் துணைக்கொண்டு, கணிதத்தைத் தாமே கற்றார். பிற்காலத்திற் கணித உலகம் முழுவதும் போற்றிய ஒருவர் அத்துறையில் ஆசிரியரின்றிக் கற்றவர் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

இணைகரத்தில் ஒரு பெருக்கம்

தந்தையாரின் சிந்தனையில் ஒரு விதை கிடந்தது. செவ்வகம் என்பது அதன் நீளத்தையும் அகலத்தையும் குறிக்கும் எண்களின் பெருக்கம் மட்டுமன்று; நீளமென்னும் கோட்டையும் அகலமென்னும் கோட்டையும் பெருக்கியதால் விளைந்த பொருளே அது என்பது அவ்விதை. மகன் அதனை ஒருபடி மேலே கொண்டுசென்றார். செவ்வகத்துக்கு மட்டும் இது பொருந்துவானேன்? சாய்ந்த இணைகரத்தையும் அதன் இரு பக்கங்களின் பெருக்கமாகக் கொண்டால் என்ன என வினவினார். பக்கங்களை வெறும் நீளங்களாகக் கொள்ளாது, நீளமும் திசையும் ஒருங்கே உடையனவாகக் கொண்டார். இன்று நாம் காவி எனக் கூறுவது இதுவே.

அவ்வாறு கொண்டபோது எதிர்பாராத ஒன்று தோன்றிற்று. எண்களைப் பெருக்குகையில் மூன்றை நாலாற் பெருக்கினும் நாலை மூன்றாற் பெருக்கினும் பயன் ஒன்றே. கிறாஸ்மனின் பெருக்கத்திலோ காரணிகளை இடம் மாற்றினால் அளவு மாறாது, குறி மாறியது, நேரானது மறையாயிற்று. இதனைக் கண்டு தாம் முதலில் திகைத்ததாக அவரே பின்னர் எழுதினார். தமிழ் கற்றோர்க்கு இத்திகைப்பு வேண்டுவதில்லை. பசு, பால் என்னும் இரு சொற்களையும் ஒரு முறையிற் புணர்த்தினாற் பசுப்பால். முறை மாற்றிப் புணர்த்தினாற் பாற்பசு. சொற்கள் அவையே, பொருள் வேறு. முறையும் பொருளின் பகுதியே என்பதை இலக்கண மாணாக்கன் எளிதில் ஒப்புவான்.

இச்சிந்தனைகள் 1832ஆம் ஆண்டளவில் அவர் உள்ளத்தில் உருப்பெற்றன. 1834இல் பேர்லின் நகரத் தொழிற்கல்விச் சாலையொன்றிற் கற்பிக்கச் சென்று, சிறிது காலத்தின் பின் மீண்டு, 1836 முதல் ஸ்ரெற்றினில் ஆசிரியரானார். உயர்வகுப்புக்களிலும் கற்பிக்கத் தகுதி பெறும் பொருட்டு 1840இல் ஒரு பரீட்சைக்குத் தோற்றினார். கடலின் வற்றுப்பெருக்கைப் பற்றி எழுதுமாறு அவருக்குப் பணிக்கப்பட்டது. லாப்பிளாசு, லக்ராஞ்சு ஆகிய பேராசான்களின் இயக்கவியலை எடுத்து, தமது புதிய முறையில் அதனை மீண்டும் அமைத்தார். நீண்ட கணக்குகள் பன்மடங்கு சுருங்கின. பரீட்சகர் அவரைத் தேறியவராக்கினார். ஆயின் அக்கட்டுரைக்குள் ஒரு புதுக் கணிதமே இருந்தது என்பதை உணர்ந்தாரல்லர். கிறாஸ்மன் இறந்து நெடுங்காலம் சென்ற பின்னரே அக்கட்டுரை அச்சேறிற்று.

விசையும் திருப்பமும்

இனி, கிறாஸ்மன் கண்ட பெருக்கம் விசையின் திருப்பத்துக்கு எவ்வாறு பொருந்துகிறது என்பதைச் சற்று விரித்துக் காண்போம். கணிதம் கற்காத அன்பர்களும் பொறுமையோடு உடன்வருவாராக.

கதவொன்றைத் திறக்கிறோம். பிணைச்சலுக்கு அண்மையில் கைவைத்துத் தள்ளினால் கதவு எளிதில் அசையாது. மறுகரையில் கைவைத்துத் தள்ளினாற் சிறு விசையே போதும். அங்ஙனமே மறுகரையில் நின்று, பிணைச்சலை நோக்கிக் கதவின் நீளத்தோடு எத்துணை வலிதாகத் தள்ளினும் கதவு சிறிதும் திரும்பாது. ஆகவே திருப்பம் விசையின் அளவை மட்டும் பொறுத்ததன்று. விசை தொழிற்படும் இடத்தையும் அதன் திசையையும் பொறுத்தது.

பழைய முறை பின்வருமாறு. எப்புள்ளியைப் பற்றித் திருப்பம் காணவேண்டுமோ அப்புள்ளியிலிருந்து, விசை செல்லும் நேர்கோட்டுக்குச் செங்குத்து வரைக. அச்செங்குத்தின் நீளத்தை விசையின் அளவாற் பெருக்குக. பின்னர் படத்தைப் பார்த்து, திருப்பம் இடஞ்சுழியோ வலஞ்சுழியோ என்று தீர்மானிக்க. இம்முறை பிழையன்று. ஆயினும் ஒவ்வொரு விசைக்கும் ஒவ்வொரு படம் வரைதல் வேண்டும். விசைகள் பலவாயின், அவை ஒரே தளத்தில் அமையாவாயின், மாணவன் படாத பாடு படுவான்.

கிறாஸ்மனின் வழி வேறு. புள்ளியிலிருந்து விசை தொழிற்படும் இடத்துக்கு ஒரு காவி வரைக. அதனைத் தானக்காவி என்பர். விசையும் ஒரு காவியே. தானக்காவியை முன்னும் விசையைப் பின்னுமாக வைத்துப் பெருக்குக. இவ்விரண்டையும் அடுத்துள்ள பக்கங்களாகக் கொண்ட இணைகரம் பெறப்படும். அவ்விணைகரமே திருப்பம். அதன் பரப்புத் திருப்பத்தின் அளவு. தானக்காவியின் வழியே சென்று விசையின் வழியே திரும்புகையில் இடப்பக்கம் திரும்பின் இடஞ்சுழி, வலப்பக்கம் திரும்பின் வலஞ்சுழி.

பழைய முறை இதனுள் அடங்கியிருத்தலை எளிதிற் காணலாம். இணைகரத்தின் பரப்பு அடியை உயரத்தாற் பெருக்கி வருவது. விசையை அடியாகக் கொண்டால், உயரம் அப்புள்ளியிலிருந்து விசையின் கோட்டுக்கு வரைந்த செங்குத்தேயாம். பிணைச்சலை நோக்கித் தள்ளும்போது இரு பக்கங்களும் ஒரே கோட்டிற் படிகின்றன, இணைகரம் பரப்பிழந்து மறைகிறது, திருப்பமும் சூனியமாகிறது.

ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவேன். புள்ளியிலிருந்து கிழக்கே 3 மீற்றரும் வடக்கே 2 மீற்றரும் தள்ளியுள்ள ஓரிடத்தில் விசையொன்று தொழிற்படுகிறது. அதன் கிழக்குக் கூறு 4 நியூற்றன். வடக்குக் கூறு 5 நியூற்றன். இங்கே செங்குத்து வரையவேண்டியதில்லை. முதற்காவியின் கிழக்குக் கூறாகிய 3ஐ இரண்டாங் காவியின் வடக்குக் கூறாகிய 5ஆற் பெருக்க 15. முதற்காவியின் வடக்குக் கூறாகிய 2ஐ இரண்டாங் காவியின் கிழக்குக் கூறாகிய 4ஆற் பெருக்க 8. பதினைந்திலிருந்து எட்டைக் கழிக்க எஞ்சும் 7 நியூற்றன் மீற்றரே திருப்பம். விடை நேராதலின் அஃது இடஞ்சுழி. வடக்கு நோக்கிய விசைக்கூறு இடஞ்சுழியாய்த் திருப்ப முயல்கிறது. கிழக்கு நோக்கிய கூறு வலஞ்சுழியாய்த் திருப்ப முயல்கிறது. முன்னது வென்று எஞ்சியதே இவ்வேழு என உணர்க.

அவ்விசையை அதன் கோட்டின் வழியே நகர்த்தி, கிழக்கே 7 மீற்றர், வடக்கே 7 மீற்றர் உள்ள இடத்தில் வைத்துப் பார்ப்போம். ஏழை ஐந்தாற் பெருக்க 35. ஏழை நாலாற் பெருக்க 28. வேறுபாடு மீண்டும் 7. விசை தன் கோட்டின் வழியே எங்கு நகரினும் திருப்பம் மாறுவதில்லை. காரணம் யாது? ஒரே அடியில், ஒரே சமாந்தரக் கோடுகளுக்கிடையில் அமைந்த இணைகரங்கள் பரப்பிற் சமமானவை என யூக்கிளிட்டு நூலிற் கற்ற பழைய தேற்றமே இங்கு வந்து நிற்கிறது.

வேறொரு நன்மையும் உண்டு. ஓரிடத்திற் பல விசைகள் தொழிற்படுமாயின், அவற்றைக் கூட்டித் திருப்பம் காணினும், தனித்தனியே திருப்பம் கண்டு கூட்டினும் விடை ஒன்றே. பெருக்கம் கூட்டலின்மேற் பரந்து செல்லும் என்னும் ஒரு விதி இதனைத் தந்துவிடுகிறது. விசைகள் வெவ்வேறு தளங்களில் அமைந்தாலும் இணைகரங்களைக் கூட்டும் முறையை அவர் வகுத்தமையால் கணக்குத் தடைப்படுவதில்லை. இன்றைய மாணவர் இணைகரத்துக்குப் பதிலாக அதன் தளத்துக்குச் செங்குத்தான ஒரு காவியை வரைந்து அதனையே திருப்பம் என்பர். அது பின்னோர் செய்த மாற்றம். கிறாஸ்மனுக்கு இணைகரம் இணைகரமாகவே நின்றது.

நூலுக்கு நேர்ந்த கதி

இவையனைத்தையும் திரட்டி 1844ஆம் ஆண்டில் விரிவியல் என்னும் பொருள்படும் பெயரோடு ஒரு நூல் வெளியிட்டார். திருப்பத்தை மேற்கூறிய பெருக்கமாகக் காட்டும் நிலையியற் பகுதி அந்நூலிலேயே உளது. இரு பரிமாணம், முப்பரிமாணம் என நில்லாது எத்தனை பரிமாணங்களுக்கும் பொருந்துமாறு அமைந்த நூல் அது. அதற்கு முந்திய ஆண்டின் ஐப்பசியிலேதான் டப்ளின் நகரில் ஹமில்ரன் என்பார் நான்கு கூறுடைய புதிய எண்களைக் கண்டறிந்திருந்தார். ஒருவரையொருவர் அறியாமலே இருவரும் ஏறத்தாழ ஒரு காலத்தில் ஒரே மலையின் இரு பக்கங்களில் ஏறினர்.

ஹமில்ரன் புகழ் பெற்ற வானியற் பேராசிரியர். கிறாஸ்மன் பாடசாலை ஆசிரியர். நூல் விலைபோகவில்லை. கவுஸ் என்னும் கணிதப் பேரரசருக்கு ஒரு பிரதி சென்றது. அந்நூலின் புதுமையான சொல்வழக்கைப் பழகிக்கொள்ள ஓய்வு வேண்டும் என்னும் கருத்துப்பட அவர் மறுமொழி எழுதினார். மோபியஸ் என்பார் மதிப்புரை எழுத இசையவில்லை. ஆசிரியரே தம் நூலைப் பற்றி ஓர் இதழில் எழுத நேர்ந்தது. லைப்சிக் நகரத்துக் கழகமொன்று லைப்னிற்சு கருதிய வடிவக் கணிதத்தை உருவாக்குவோர்க்கு வைத்த பரிசை 1846இற் கிறாஸ்மன் பெற்றார்; ஆனாற் போட்டிக்கு வந்த கட்டுரை அவருடையது ஒன்றே. அடுத்த ஆண்டு பல்கலைக்கழகப் பதவி வேண்டி அரசுக்கு விண்ணப்பித்தார். அரசு கும்மர் என்னும் கணித அறிஞரின் கருத்தைக் கேட்டது. பொருள் நன்று, சொல்லிய முறை குறையுடைத்து என்பது அவர் தீர்ப்பு. விண்ணப்பம் பயனற்றுப் போயிற்று. 1864ஆம் ஆண்டில் விற்காது கிடந்த 600 பிரதிகள் வரையிற் பதிப்பாளர் கழிவுத்தாளாக்கிவிட்டனர்.

உலகம் அறிஞரை மதிக்கவில்லை என்று இவ்விடத்திற் கண்ணீர் விடுதல் எளிது. யான் அவ்வாறு செய்யத் துணியேன். கும்மரின் தீர்ப்பில் ஒரு பாதி உண்மை உண்டு. கிறாஸ்மன் தம் நூலை மெய்யியலிலிருந்து தொடங்கினார்; கணிதம் யாது, சிந்தனை யாது என்று நெடிது ஆராய்ந்த பின்னரே பொருளுக்கு வந்தார். புதிய சொற்களைத் தாமாகவே படைத்துக் கொண்டார். கதவையும் பிணைச்சலையும் முன் வைத்துத் தொடங்கியிருப்பின் பலர் பின்தொடர்ந்திருப்பர். வகுப்பறையில் நாடோறும் சிறுவர்க்குக் கற்பித்த ஒருவர் நூல் எழுதுங்கால் கற்போனை மறந்தார் என்பதே என் துணிபு. நூலை முற்றாகத் திருத்தி, முன்னுரை மெய்யியலை நீக்கி, தேற்றமும் நிறுவலுமாக 1862இல் மீண்டும் வெளியிட்டார். தம் செலவில் 300 பிரதிகள். மெய்யியலில் மயங்கியவர்கள் இப்பொழுது வறட்சியில் மயங்கினர். இரண்டாம் நூலும் பேசப்படவில்லை.

மொழியின் பக்கம்

இதனிடையே வாழ்க்கை தன் வழியிற் சென்றது. 1848ஆம் ஆண்டின் அரசியற் கிளர்ச்சிக் காலத்திற் சகோதரர் றொபேட்டுடன் சேர்ந்து செய்தித்தாள் நடத்தினார். 1849இல் மணம் புரிந்தார். பதினொரு பிள்ளைகள் பிறந்தனர், எழுவரே வளர்ந்து பெரியவராயினர். 1852இல் தந்தையார் இறக்க, அவர் வகித்த ஆசிரியப் பதவி மகனுக்குக் கிடைத்தது. அடுத்த ஆண்டு நிறங்களின் கலப்பைப் பற்றி அவர் எழுதியவை இன்றும் நிறவியலில் அவர் பெயரால் வழங்கும் விதிகளாயின. நாட்டுப் பாடல்களைத் திரட்டினார். செடிகொடிகளின் ஜேர்மானியப் பெயர்களைத் தொகுத்தார்.

நாற்பது வயதளவில் வடமொழியை நன்கு கற்கத் தொடங்கினார். 1863இல் அவர் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்று மொழிநூலாரை வியக்கச் செய்தது. வடமொழியிலும் கிரேக்கத்திலும், அடுத்தடுத்த இரு அசைகளில் மூச்சொலி கலந்த மெய்கள் வருமாயின் முதலாவது தன் மூச்சொலியை இழக்கும் என்பது அது. வைக்கிறேன் என்னும் பொருளில் வடமொழி ததாமி என்றும் கிரேக்கம் திதேமி என்றும் கூறுகின்றன. இரு மொழியிலும் இரண்டாம் தகரமே மூச்சொலியுடையது. இரட்டித்த முதற் றகரம் அதனை இழந்தது. நம் எழுத்தில் இவ்வேறுபாட்டைக் காட்ட இயலாமையின் சொல்லாற் கூறினேன். உலக மொழிநூல்களில் இது கிறாஸ்மன் விதி என்றே வழங்குகிறது.

அதன் பின்னர் இருக்கு வேத அகராதி 1873 முதல் 1875 வரையிற் பகுதி பகுதியாக வெளிவந்தது. 1876, 1877ஆம் ஆண்டுகளில் அவ்வேதத்தின் செய்யுள் மொழிபெயர்ப்பு இரு தொகுதிகளாக வெளிவந்தது. கணித உலகம் மறுத்ததை மொழியுலகம் தந்தது. 1876இல் ரியூபிங்கன் பல்கலைக்கழகம் அவருக்குக் கலாநிதிப் பட்டம் வழங்கிச் சிறப்பித்தது. அமெரிக்கக் கீழைத்தேயக் கழகமும் அவரை உறுப்பினராக்கியது.

இவ்விரு துறையும் அவர் உள்ளத்தில் இரு வேறு அறைகளாய் இருந்திருக்குமோ? யான் அவ்வாறு கருதவில்லை. இணைகரத்தில் எது முன், எது பின் என்று நோக்கிய கண்ணே, சொல்லில் எவ்வசை முன், எவ்வசை பின் என்று நோக்கிற்று. பலவற்றினூடே ஒளிந்துநிற்கும் ஒரு விதியைத் தேடுதலே இரண்டிடத்தும் அவர் செய்த தொழில்.

இறுதி ஆண்டுகள்

முதுமையிற் கணித உலகின் கதவும் சிறிது திறந்தது. 1867இல் ஹங்கல் என்பார் தமது நூலில் அவரைப் புகழ்ந்தார். 1871இல் கெற்றிங்கன் அறிவியற் கழகம் அவரை உறுப்பினராகத் தெரிந்தது. 1877இல் இயக்கவியலைத் தம் முறையில் எழுதிய கட்டுரையொன்று முதன்மையான கணித இதழில் வந்தது. பழைய 1844ஆம் ஆண்டு நூலை மீண்டும் அச்சிடும் ஏற்பாடும் நடந்தது. அதற்கு முன்னுரை எழுதினார்; நூலைக் காண அவர் இருக்கவில்லை. 1877ஆம் ஆண்டு புரட்டாதி 26ஆந் திகதி, தம் அறுபத்தெட்டாம் வயதில், பிறந்த ஊரிலேயே இறந்தார். நூல் 1878இல் வெளிவந்தது.

அமெரிக்காவில் கிப்ஸ் என்பார் 1881 முதல் 1884 வரையில் மாணவர்க்காக அச்சிட்ட சிறு நூலே இன்றைய காவிக் கணிதத்தின் நேரான மூலம். ஆகவே நம் மாணவர் எழுதும் குறியீடு கிறாஸ்மனிடமிருந்து நேரே வந்ததன்று. ஆயினும் கிப்ஸ், கிறாஸ்மன் தமக்கு முன்னரே அவ்வழி சென்றார் என்பதை அறிந்தபின், அவருடைய பெருமையை எங்கும் எடுத்துரைத்தார். கடற்பெருக்குக் கட்டுரை அச்சேற வேண்டும் என்றும் வற்புறுத்தினார். 1894 முதல் 1911 வரை கிறாஸ்மனின் நூல்கள் யாவும் தொகுக்கப்பெற்று வெளிவந்தன.

நாற்பதாண்டுகளுக்கு மேலாக அவர் பாடசாலை ஆசிரியராகவே இருந்தார். பல்கலைக்கழக மேடை கிட்டவில்லையே என்று கற்றலை நிறுத்தவில்லை. ஒரு துறை மறுத்தபோது மற்றொரு துறையிற் புகுந்தார், முன்னதையும் கைவிட்டாரல்லர். ஆசிரியர்களாகிய நாம் அவரிடமிருந்து கொள்ளவேண்டியது இதுவென்றால், விலக்கவேண்டியதும் ஒன்று உண்டு: நாம் அறிந்ததைக் கேட்போன் நிற்கும் இடத்திலிருந்து தொடங்காமற் சொல்லுதல்.

இப்பொழுதெல்லாம் விஞ்ஞானப் பிரிவு மாணவர் எவரேனும் இலக்கணம் கேட்க வந்தால் யான் மறுப்பதில்லை. பசுப்பாலையும் பாற்பசுவையும் சொல்லித் தொடங்குகிறேன். முன்னர் நான் திருப்பி அனுப்பிய மாணவன் இதனைப் படிக்க நேர்ந்தால், அந்நன்னூற் பாடம் இன்னும் அவனுக்காகக் காத்திருக்கிறது என்பதை அறிவானாக.